பாரிடோன் யுகுலேலிக்காரர்

மனிதர்களில் பாரிடோன் யுகுலேலிக்காரர் என்றொரு இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். அவர் மடியில் இருப்பதைப் பார்த்து, "சின்ன கிடாரா சார்?" என்று கேளுங்கள். முகம் சுண்டிப்போகும். "கிடார் இல்லீங்க, யுகுலேலி. அதுலயும் பாரிடோன். அந்தக் குடும்பத்துலயே இதுதான் பெரிசு, குரல் கனம்" என்று ஆரம்பிப்பார். வேறு வேலை இருந்தால் அப்போதே ஓடிவிடுங்கள்.

அடியேனும் அந்த இனம்தான். என்னிடம் மூன்று இருக்கின்றன. "மூணும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?" என்பாள் மனைவி. ஒன்று மாதிரியா! இவளிடம் என்னத்தைச் சொல்ல?

சோபாவில் சாய்ந்து, யுகுலேலியின் முதுகை வயிற்றோடு அணைத்து, கட்டைவிரலால் நான்கு தந்திகளையும் ஒருமுறை வருடினால், அந்தக் கனத்த நாதம் தொப்பைக்குள் அப்படியே இறங்கும் பாருங்கள், அடடா! தொப்பை எதற்காகப் படைக்கப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வாசிப்பேனா? வாசிக்காமல் என்ன? முதலில் சுருதி சேர்க்க வேண்டும். சேர்த்து, ஃபேன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையென்று ஃபேனை நிறுத்தி, மறுபடி சேர்த்து, வியர்த்துப்போய் ஃபேனைப் போட்டு, இறங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, இன்னொரு முறை சேர்ப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

முதலாவதை வாங்கியதே மனைவிக்காகத்தான். சத்தியமாக! துணி மடிக்கும்போதும் தலை வாரும்போதும் பாடுவாள். அருமையான குரல். அதற்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆசைப்பட்டேன். அவள் வாய் திறந்ததும் பாய்ந்து போய் உட்காருவேன்.

"இரு, இரு. எத்தனை கட்டைல பாடற?"

"எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்துச்சு, பாடறேன்."

"இதுக்கு என் விரல் வளையாது. அரைக் கட்டை இறக்கு."

இறக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்."

இறக்கினாள். குரல் தொண்டைக்குள் போய் விழுந்தது.

"இப்பதான் ஜோரா இருக்கு. முதல்லேருந்து பாடு!"

"பால் பொங்கிடப் போகுது" என்று எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். மாடிப்படியில் ஏறும்போதே கேட்டது. சமையலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள், வாய்விட்டு, எந்தக் கட்டைக்கும் கட்டுப்படாமல். இத்தனை நாள் இதையா இழந்திருந்தேன்? நல்ல புத்தி உள்ளவன் அங்கேயே நின்று கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? ஓசைப்படாமல் கதவைத் திறந்து, பூனை மாதிரி நடந்து போய், யுகுலேலி உறையின் ஜிப்பை இழுத்தேன்.

பாட்டு நின்றது.

சிரிக்காதீர்கள். உங்களிடம் யுகுலேலி இல்லாமலிருக்கலாம். இன்று வீட்டுக்குள் நுழையும்போது, அங்கே எது சட்டென்று நிற்கிறது என்று மட்டும் கொஞ்சம் காது கொடுத்துப் பாருங்கள்.