கதவடி அண்ணைக்கு ஒரு மாற்று ஆள்

கதவடி அண்ணை ஒரு பொய்யர். மாதக்கணக்காக என்னை ஏமாற்றியவர். முகத்துக்கு நேரே கேட்கப் போனால் கதவைப் பூட்டிவிடுகிறார். ஆகவே அச்சில் கேட்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்காபரோவிலிருந்து ஸ்ரௌவ்வில் வரை எந்த மண்டபத்தில், எந்தக் கடையில், எந்தக் கோயிலில் வோஷ்றூம் எங்கே இருக்கிறது என்று, அந்தக் கட்டடத்தைக் கட்டினவனைவிட நன்றாகத் தெரிந்த மனிசன் அவர். எங்கே போனாலும் அந்தக் கதவுக்குப் பக்கத்துக் கதிரைதான் அவருடையது. முன்வரிசையில் இடம் பிடித்துக் கூப்பிட்டாலும், "எனக்கு இதுதான் வீ.ஐ.பி. சீற்" என்பார். அதனால் கதவடி அண்ணை. சொந்தப் பெயரைச் சொன்னால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசிப்பார்.

அஜின்கோர்ட்டில் பெட்டி கட்டும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். வேலைக்குக் கள்ளமடித்து உள்ளே போயிருந்து ஃபோன் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்ததை மனதுக்குள் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

"அண்ணை, உள்ளுக்கை என்ன, குடியிருக்கிறியளோ?"

அவர் இடுப்புப் பெல்ற்றைக் கழற்றினார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் எழும்பிவிட்டேன்.

"இரு தம்பி. இதுதான் குடல் எண்டு வை. எனக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். டொக்டர்மார் அதை வெட்டி எடுத்திட்டினம். சின்னக்குடலின்ர நுனியை இப்பிடி ஜே எழுத்து மாதிரி மடிச்சு, உள்ளுக்கை ஒரு பை தைச்சு விட்டிருக்கினம். ஜே பௌச் எண்டு பேர். பெரிய தண்ணி ராங்கியை எடுத்துப்போட்டுச் சின்ன வாளி வைச்ச மாதிரி. அடிக்கடி ஊத்தத்தானே வேணும்?"

நான் நண்டுக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மிச்சத்தை மூடி வைத்தேன்.

அவருடைய சாப்பாட்டை யாழ்ப்பாணத்தான் ஒருவனும் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ளமாட்டான். குழைய அவிந்த வெள்ளைச் சோறு, மசித்த உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய் போடாத மீன் சொதி, கடைசியில் நன்றாகப் பழுத்த வாழைப்பழம். சோறும் பழமும் இறுக்கிப் பிடிக்குமாம். கச்சான் கடலையையும் சோளப்பொரியையும் கண்டால், கடன்காரனைக் கண்டவர் போல மற்றப் பக்கத்தால் போவார். ஒரு வாய் சோற்றை அவர் மென்று விழுங்குவதற்குள் நாங்கள் சாப்பிட்டு, கை கழுவி, சுப்பர்வைசரைத் திட்டியும் முடித்திருப்போம்.

கறித்தூள் பக்கமே போகமாட்டார். "உங்களுக்கு உள்ள போகேக்கை மட்டும் எரியும். எனக்கு வெளிய வரேக்கையும் எரியும். ஒரு கறிக்கு ரெண்டு எரிச்சல் கட்டாது, தம்பி."

நோய் என்னவென்று கேட்காமலே மருந்து சொல்வது எங்கள் சனத்தின் பரம்பரைச் சொத்து. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு அன்ரி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமணக்கெண்ணெய் குடியும் தம்பி. குடல் கழுவுப்பட்டிடும்."

"அன்ரி, கழுவுறதுக்குக் குடல் இல்லை. ஆஸ்பத்திரியில குடுத்திட்டன்."

"அப்ப வெந்தயம் போடும்."

எங்கள் விழாக்களில் சாப்பாடு எப்போது வரும் என்று சமைத்தவனுக்கே தெரியாது. பிந்திச் சாப்பிட்டால் அண்ணைக்கு இரவு முழுக்க நடைதான். ஆகவே பின்னேரமே காருக்குள் இருந்து தன் டப்பாவைக் காலி செய்துவிட்டு வருவார். பிறகு வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையிலும் நிற்பார். சாப்பிடாமல் போனார் என்று வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாதாம்.

இந்த மனிசனின் ஒரே மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. சைவக் கலியாணம். தகப்பன் மணவறையில் இருந்து, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்க்கவேண்டும். நடுவில் எழும்பினால் சரியில்லை என்றார்கள். மனைவியின் தமையன் வந்து, "உமக்கேன் கரைச்சல், நாங்கள் இருந்து செய்யிறம்" என்றார். அண்ணையின் முகம் சுருங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ர பிள்ளையின்ர கையை நான்தான் குடுப்பன்," என்றார் என்னிடம். "ஆனா தனிய ஏலாது. நீ பக்கத்தில இருக்கவேணும். நான் எழும்பினா என்ர இடத்தில நீ இரு."

நான் ஊர்காவற்றுறை வேதக்காரன், கிறிஸ்தவன். கலியாணம் கட்டவில்லை. இங்கே சொந்தமென்று ஒருவரும் இல்லை. விழாக்களுக்குப் போவதில்லை, போனால் சண்டையில்தான் முடியும். மணவறை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மனிசன் அந்தரத்தில் கேட்கிறார். ஓம் என்றேன்.

சனிக்கிழமைகளில் அவருடைய பேஸ்மென்ற்றில் ஒத்திகை. என்ன சாப்பிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கவேண்டும். நான்தான் ஐயர். சாம்பிராணி போட்டேன், வீட்டுப் புகை அலாரம் எல்லாம் சேர்ந்து அடித்தது. மந்திரம் தெரியாததால் எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன். அண்ணை கும்பிட்டுக்கொண்டு ஆமென் என்றார்.

பெரிய கண்டம் தாரை வார்க்கிற தண்ணீர். "தண்ணி ஊத்திற சத்தம் கேட்டா, என்ர பை தன்னைத்தான் கூப்பிடுகினம் எண்டு நினைக்கும்." ஆகவே குழாயைத் திறந்துவிட்டுப் பழகினோம். ரவைக் கஞ்சி தோற்றது. பாண் தோற்றது. மசித்த கிழங்கும் சோறும், டொக்டர் தந்த குளிசையும் வென்றன.

றிச்மண்ட் ஹில்லில் மண்டபம். எனக்கும் பட்டு வேட்டி, சால்வை. மணவறையோடு ஒட்டி, தனக்குப் பின்னால் என்னை இருத்தினார். அவர் தும்மினாலே நான் பாதி எழும்பினேன். அண்ணையின் மனைவி தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் நான் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். அண்ணை மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். தண்ணீர் ஓடியது. மனிசன் அசையவில்லை. கண்ணில் மட்டும்தான் ஒழுகியது.

மகள் அவர் காலில் விழுந்தாள், பிறகு என் காலில். "அங்கிள், ஃபமிலி ஃபோட்டோவுக்கு வாங்கோ. அப்பா சொன்னவர்."

சாப்பாட்டு மேசையில் ஐயர் கேட்டார்: "நீங்கள் பொம்பிளைக்கு என்ன முறை?"

"மாற்று ஆள், ஐயா. அண்ணை எழும்பினா தாரை வார்க்க இருந்தனான்."

"கலியாணம் கட்டினனீங்களோ?"

"இல்லை."

"சைவமோ?"

"வேதம்."

ஐயர் பாயாசத்தைக் கீழே வைத்தார். "அது மனிசியோட இருந்து செய்யிறது. நீங்கள் எப்பிடி அதில இருக்கிறது? பொம்பிளையின்ர தகப்பனுக்கு அது நல்லாத் தெரியும். தான் எழும்பவேண்டி வந்தா மந்திரத்தை நிப்பாட்டி வையுங்கோ எண்டு எப்பவோ என்னட்டைக் கேட்டவர். நானும் ஓம் எண்டிட்டன்."

நேரே கதவடிக்குப் போனேன். அவர் உள்ளே இருந்தார்.

"அண்ணை, மாற்று ஆள் தேவையில்லை எண்டு தெரிஞ்சுகொண்டு என்னை ஏன் அங்கை இருத்தினியள்?"

உள்ளே குழாயைத் திறந்துவிட்டார்.

"தம்பி, உள்ளுக்கை ஆள் இருக்கு."

அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டும் இதே பதில்தான். நான் வாயைத் திறக்க முதல் கதவு பூட்டுப்பட்டுவிடும். அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. என் வீட்டில் இருக்கிற ஒரே குடும்பப் படம் அது. வருகிறவர்கள் யார் இவர்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

கதவடி அண்ணை, இந்தப் பத்திரிகையை நீங்கள் எங்கே இருந்து வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இதே பக்கத்தில், எல்லாரும் பார்க்க, எழுதவேண்டும். உள்ளுக்கை ஆள் இருக்கு என்ற பதில் செல்லாது.

அவசரமில்லை. ஆறுதலாக வாருங்கள். நான் கதவடியில்தான் நிற்கிறேன்.