ஏழு கரிப்பொட்டு

மாயாபந்தர்,
20-1-1969

மகா கனம் பொருந்திய மைத்துனர் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கப்பல் வந்தால் காய்கறி, வராவிட்டால் கருவாடு என்று இந்தத் தீவில் நாங்கள் சௌக்கியம். தங்கள் குடும்பத்தாரின் சுகத்துக்கு முருகன் துணை.

நிற்க. நம் பெண் சந்திரமதிக்கு வந்திருக்கும் வரன் திருநாவுக்கரசு, படகு ஜெட்டியில் மெக்கானிக், சிலம்பம் ஆடுகிறவன் என்று உங்கள் தங்கை அலமு சொன்னாள். நான் விடுவேனா? படத்தில் கதாநாயகன் கம்பைச் சுழற்றினால் இருபது பேர் வைக்கோல் போரில் போய் விழுவதைப் பார்த்தவன் ஆயிற்றே! "பொங்கலன்று ஆடிக் காட்டட்டும், அப்புறம் பெண்" என்று சொல்லி, ஆபீசையே மைதானத்துக்கு அழைத்துவிட்டேன். எதிராளி மீன்பிடிக்கிற இருதயநாதன், தூத்துக்குடிப் பக்கம், மலைபோல ஆள். இருவரும் கம்பு நுனியில் கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசினார்கள், மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்கள், சரி, இனி மாப்பிள்ளை பறப்பான் என்று பார்த்தால் காலை மாற்றி மாற்றி வைத்து அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வருகிறான் மச்சான், பறக்கவுமில்லை, ஒரு ஆள் விழவுமில்லை, பக்கத்திலிருந்த வங்காளி வேறு "சண்டை எப்போ ஷுரு, சாப்?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினான். "அட, அடிப்பா! என்ன கோலமா போடுறே?" என்று நானே கத்திவிட்டேன்.

முடிந்ததும் இருதயநாதன் சிரித்துக்கொண்டே வந்து தன் வெள்ளைப் பனியனைக் காட்டினார். நெஞ்சில், விலாவில், தோளில் ஏழு கரிப்பொட்டு! "இதுதான் சாப் ஆட்டம். பொட்டு வைக்கணும், ஆளப் படுக்க வைக்கக் கூடாது. பலமா விட்டிருந்தா நான் ஏழு வாட்டி செத்திருப்பேன், கதம்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அத்தனை வேகத்தில் வருகிற கம்பு உடம்பைத் தொட்டதும் நிற்கிறதே, என்ன கை ஐயா அது! அடிக்கத் தெரிந்தும் அடிக்காத கையில் பெண்ணைக் கொடுக்க என்ன தயக்கம்? அங்கேயே வெற்றிவீரன் என்று மாலை போட்டு, பெண் உனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டேன். முகூர்த்தம் பார்த்து எழுதவும்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். அலமுவின் குறைகள் தனிக் கடிதத்தில் வரும்.

இப்படிக்கு,
ஜம்புலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் திருநாவுக்கரசு வந்து நிற்கிறான், கையில் அன்று போட்டிருந்த கருநீலச் சட்டை. "மாமா, இதுல கரி தெரியாது. என்மேல ஒன்பது பொட்டு. நான் தோத்துட்டேன். பொண்ணு விஷயம்னு இருதயநாதன் அண்ணன் வாயத் திறக்கல" என்கிறான். ஆகவே மேலே வெற்றி என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். முகூர்த்தத்தை மட்டும் அடித்துவிடாதீர்கள். பெண் கிடைத்த பிறகு தேடி வந்து தோற்றேன் என்று சொல்கிற கதாநாயகனை எந்தப் படத்தில் பார்த்தீர்கள், மச்சான்? சீக்கிரம் நாள் குறியுங்கள், வேறு எவனாவது இவனைக் கொத்திக்கொண்டு போய்விடுவான்.