ஓடுதளம் சுத்தம்!

நெருப்பு, சக்கரம், எழுத்து என்று மனித குலம் இதுவரை கண்டுபிடித்ததெல்லாம் வெறும் ஒத்திகை. உண்மையான முன்னேற்றம், அந்த விமான நிலையத்தின் இயக்குநர் 'தாமதமில்லா வருகை மாதம்' அறிவித்த அன்றுதான் தொடங்கியது.

அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்தில் முதல் ஆளாகக் கைதட்டியவர் ஓடுதளச் சோதகர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஜீப்பில் ஏறி ஓடுதளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய், திருகாணி, டயர் துண்டு, செத்த பறவை என்று கிடப்பதையெல்லாம் பொறுக்குவது அவர் வேலை. அவர் பொறுக்கி முடிக்கிறவரை ஒரு விமானமும் இறங்க முடியாது. வந்ததெல்லாம் வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஆக, அந்தத் தாமதமே தான்தான் என்பது, பிஸ்கட் தட்டு வந்து போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஒரு ஆணிக்காக இத்தனை விமானம் சுத்துது," என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. "போதாக்குறைக்கு இந்தக் காத்து வேற. அது நினைச்சா திசை மாறுது. உடனே எல்லா விமானமும் எதிர்ப் பக்கமா வந்து இறங்கணுமாம். அதுக்கு முன்னாடி இவர் மறுபடியும் ஜீப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறார். காத்து மாறிக்கிட்டே இருக்கு, ஜனங்க காத்துக்கிட்டே இருக்காங்க. காத்துக்கிட்ட விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்ப முடியுமா?"

சட்ட ஆலோசகர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, முகவரி வேண்டும் என்றார்.

"சரி, அப்போ பேச்சைக் குறைப்போம். இனிமே ஒரு விமானம் இறங்கி, அடுத்தது இறங்கறதுக்குள்ள கிடைக்கிற சந்துல சோதனையை முடிக்கணும். அறிக்கை ஒரே சொல். வாக்கி டாக்கியில 'சுத்தம்'னு சொல்லுங்க, அடுத்தது இறங்கிடும்."

"சுத்தமா இல்லன்னா என்ன சார் சொல்லணும்?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டிருக்கோம். எதிர்மறைச் சொல்லா இருக்கறதால தயங்கறாங்க."

எவ்வளவு நுட்பமான தயக்கம்! கூட்டம் மறுபடியும் கைதட்டியது. பூதக்கண்ணாடியும் தட்டினார்.

மாதம் முடிகிற நாளில் அவர் மனைவி தங்கை வீட்டிலிருந்து திரும்பினார். விமானம் ஏறுவதற்கு முன் போன் செய்தார்.

"என்னங்க, போன தடவை நீங்க கீழே சுத்தம் பார்த்தீங்க, நாங்க மேலே சுத்திக்கிட்டே கிடந்தோம். பக்கத்து சீட்டு அம்மா எவன்டா அவன்னு கரிச்சுக் கொட்டினாங்க. என் வீட்டுக்காரர்தான்னு சொல்ல வாய் வரல. இன்னிக்காவது இறங்க விடுவீங்களா?"

"இப்போ எல்லாம் ஒரே சொல்தான்மா. நான் வாயைத் திறந்தா நீ தரையில இருப்பே," என்றார் அவர், கொஞ்சம் கர்வமாகவே.

சாயங்காலம் காற்று திசை மாறித் தொலைத்தது. விமானங்களை எதிர்ப் பக்கத்துக்குத் திருப்பினார்கள். மாறிய பாதையில் முதலில் இறங்க வேண்டியது மனைவி வரும் விமானம். பூதக்கண்ணாடி ஜீப்பை விரட்டினார். முக்கால்வாசி தூரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு, எந்த விமானத்திலிருந்து கழன்றதோ, முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை நட்டநடுவில் கிடந்தது. கட்டை விரல் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தியபடியே இருக்க, அடுப்பில் பால் பொங்கி வழியும்போதும் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டபோதும் நாம் எல்லோரும் சொல்கிற அதே சொல் அவர் வாயிலிருந்து விழுந்தது.

"சுத்தம்!"

"சுத்தம். நன்றி," என்றார் கட்டுப்பாட்டுக் கோபுரத்து அம்மாள். விமானத்துக்கு அனுமதி போய்விட்டது.

"ஐயோ, அந்தச் சுத்தம் இல்ல மேடம்! இது வேற சுத்தம்!"

"எந்தச் சுத்தம்? விதியில ஒண்ணுதானே இருக்கு?"

"தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்ற சுத்தம் மேடம்! இரும்பு கிடக்கு! என் பொண்டாட்டி வர்றா!"

கோபுரத்து அம்மாளும் பாலைப் பொங்கவிட்டவர்தான். விதியை ஓரங்கட்டிவிட்டு, "இறங்காதீங்க! மேலே போங்க, மேலே போங்க!" என்று விமானிக்குக் கத்தினார். சக்கரங்கள் பூதக்கண்ணாடியின் தலைக்கு மேலே இரைந்துகொண்டு எழும்பிப் போயின. அவர் இரும்புப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓடுதளத்திலேயே உட்கார்ந்து அழுதார். பயத்தில்தான் அழுதார், அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

விமானம் சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. ஆனால் தாமதமாக இறங்கியது. மறுநாள் விசாரணை.

"மாசம் பூரா ஒரு தாமதம் கிடையாது. கடைசி நாள்ல இப்படிக் கரியைப் பூசிட்டீங்களே!" என்றார் இயக்குநர்.

"இறங்கியிருந்தா டயர் வெடிச்சுத் தீப்பிடிச்சிருக்கும் சார்."

"அது விபத்து. விபத்தைப் பார்த்துக்கத் தனி அதிகாரி இருக்கார், அவர் பார்த்துப்பார். நான் கேட்கறது தாமதத்தைப் பத்தி."

"என் சம்சாரம் அதுலதான் சார் இருந்தா!"

இயக்குநரின் முகம் கனிந்தது. எழுந்து வந்து பூதக்கண்ணாடியின் தோளில் கை வைத்தார்.

"அடப்பாவமே! நீங்க மட்டும் 'சுத்தம்'னு சொன்னதோட வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, அவங்களும் நேரத்தோட போய்ச் சேர்ந்திருப்பாங்களே!"