தேரை வீட்டுச் சம்பந்தம்

சமையலறை மூலையில் இருந்த மண்பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான் சிற்றம்பலம். மண் இருந்தது. மண்ணுக்குள் இருக்க வேண்டிய தேரை இரண்டையும் காணவில்லை.

"மலரு! பானையில இருந்த ரெண்டும் எங்க?"

"எந்த ரெண்டு?" என்றாள் அவன் மனைவி மலர்க்கொடி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் உசுரு ரெண்டு! தேரை!"

"அதுவா? நேத்து நீங்க காலேஜுலருந்து வர்றதுக்குள்ள என் தம்பி கொளஞ்சி வந்து எடுத்துட்டுப் போனான். மழை வர்றதுக்காக எங்க ஊருல இன்னைக்குத் தவளைக் கல்யாணம். கீரப்பாளையம் பூரா தேடியும் ஒரு தவளை அகப்படலையாம். எல்லாக் குளமும் காஞ்சு கெடக்குதே. அதான், மாமா ஊட்டுல ரெண்டு சும்மா கெடக்குதேன்னு..."

"சும்மாவா!"

சிற்றம்பலம் மண் ஒட்டிய கையைப் பானையிலிருந்து உருவினான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில், விலங்கியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர் அவன். மூன்று வருஷமாகத் தற்காலிகம். லீவு கிடைத்த போதெல்லாம் கடப்பாரையும் கையுமாக ராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட காடுகளில் அலைந்து, பூமிக்குள் புதைந்து கிடக்கும் தேரைகளைத் தோண்டிக்கொண்டு வருவான். மழை வரும் வரை பத்து மாதம் அந்தத் தேரை மண்ணுக்குள் பட்டினி கிடக்கிறது. அதன் வயிற்றில் இருக்கிற புழு மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. கூடப் படித்தவர்கள் வக்கீலாகவும் டாக்டராகவும் தொப்பை போட்டுக்கொண்டிருக்க, இவன் தேரை வயிற்றுப் புழுவை நினைத்து இளைத்துக்கொண்டிருந்தான். கொண்டு வந்த இருபதில் பதினெட்டு அறுபட்டுப் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இந்த இரண்டு. கல்லூரியில் தினமும் தரையைக் கழுவி ஈரமாக்குகிறார்கள், மழை வந்துவிட்டது என்று நினைத்துத் தேரை விழித்துக்கொள்ளும் என்று வீட்டில் கொண்டு வந்து வைத்திருந்தான்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மதராஸிலிருந்து பெரிய பேராசிரியர் வருகிறார். ஒரு தேரையிடமாவது புழு இருப்பதை அவர் தம் கண்ணால் பார்த்துவிட்டால், சிற்றம்பலத்தை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பார். இல்லாவிட்டால் இந்த ஆவணி மாதத்தோடு அவன் சீட்டு கிழிந்தது.

"கல்யாணம் எத்தனை மணிக்கு?"

"வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தாலி கட்டிருவாங்க. நீங்க போறதுன்னா வெறுங்கையோட போவாதீங்க, எங்க சனம் ஒரு மாதிரியாப் பேசும்."

அவன் அதைக் கேட்க அங்கே இல்லை. சைக்கிள் தெரு முனையைத் தாண்டியிருந்தது.

கீரப்பாளையத்தில் மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல், வாழைமரம், மேளம். மணையில் அவனுடைய தேரை இரண்டும் மஞ்சள் பூசிக்கொண்டு, கழுத்தில் கதம்பத்தோடு உட்கார்ந்திருந்தன. கட்டிய கையோடு குளத்தில் விட்டுவிடுவார்கள். அப்புறம் அவன் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

"வாங்க மாமா! எங்கக்கா வரலியா?" என்று பல்லெல்லாம் தெரிய வந்தான் கொளஞ்சி.

அவனோடு சண்டை போட நேரமில்லை. வேலை, புழு, பேராசிரியர் என்று ஆரம்பித்தால் ஊருக்குப் புரியாது. சிற்றம்பலம் ஒரு யோசனை செய்தான்.

"நிறுத்துங்க! இந்தக் கல்யாணம் செல்லாது! ரெண்டுமே பொட்டை!"

மேளம் நின்றது. ஊர் நாட்டாமை வைத்திலிங்கம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க வாத்தியாரே."

"மூணு வருஷமா நான் வேற என்னத்தப் பாத்தேன்?"

"ஏண்டா கொளஞ்சி, பாத்து எடுத்தாறக் கூடாது?"

"அதுங்க மொகத்துல மீசையா இருக்குது, பாக்கறதுக்கு?" என்றான் கொளஞ்சி.

சிற்றம்பலம் மெல்ல மணைப் பக்கம் கையை நீட்டினான். நாட்டாமை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க. பொண்ணு இருக்குது, மாப்பிள்ளைதான இல்ல? ஆம்பள எது பொம்பள எதுன்னு தெரிஞ்சவரு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான். பத்து மணிக்குள்ள ஒரு மாப்பிள்ளையக் கொண்டாந்துடுங்க."

"நானா?"

"கொண்டாந்தீங்கன்னா எங்களுக்குப் பொண்ணு ஒண்ணு போதும். இன்னொண்ண நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

"அதுவரைக்கும் ரெண்டையும் நானே வச்சிருக்கேனே!"

"கல்யாணப் பொண்ணுங்கள ரோட்டுல அலைய விடுவாங்களா? அதுங்க செல்லாயி ஊட்டுலயே இருக்கட்டும். நேத்துலருந்து அவதான் பாத்துக்கிறா."

கூட்டத்தில் நின்ற செல்லாயி, பெற்ற தாயைப் போல முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்று கிடைத்தால் கூடப் போதும். சிற்றம்பலம் மறுபடி சிதம்பரத்துக்கு மிதித்தான். கல்லூரித் தொட்டியில், திங்கட்கிழமை மாணவர்கள் அறுப்பதற்காக ஒரு வயல் தவளை கிடந்தது. ஆண். அரைத் தேங்காய் அளவு இருக்கும். நாலு நாளாக அதற்கு யாரும் தீனி போடவில்லை. அது அப்போது சிற்றம்பலத்துக்கு ஞாபகம் வரவில்லை. துணிப்பையில் போட்டுக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்கக் கீரப்பாளையம் வந்து சேர்ந்தபோது மணி பத்து அடிக்க ஐந்து நிமிஷம்.

"மாப்பிள்ளை கொஞ்சம் ஜாஸ்தி பெருசு" என்றார் நாட்டாமை.

"வசதியான எடம்" என்றான் சிற்றம்பலம்.

செல்லாயி வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த இரண்டு தேரைகளுக்கும் பக்கத்தில் தவளையை மணையில் இறக்கினார்கள். சந்தனம் வைக்கச் செல்லாயி குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார். ஒரு மணப்பெண்ணின் பின்னங்கால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே ஆடியது. பிறகு அதுவும் உள்ளே போயிற்று.

சிற்றம்பலத்தின் மூன்று வருஷ உழைப்பில் பாதி அவன் கண் முன்னாலேயே விழுங்கப்பட்டிருந்தது. பாய்ந்து மிச்சம் இருந்த தேரையைப் பிடித்தான். அவனை நாலு பேர் பிடித்தார்கள்.

"எங்க எடுத்துக்கிட்டு ஓடறீங்க?" என்றார் நாட்டாமை.

"ஒண்ணு எனக்குன்னு நீங்கதான சொன்னீங்க!"

"எங்க பொண்ணத்தான் நீங்க கொண்டாந்த மாப்பிள்ளை முழுங்கிட்டாரே! கையில இருக்கறதையும் குடுத்துட்டு நாங்க மழைக்கு எங்க போறது? ஊரே வெத நெல்ல வச்சிக்கிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

அந்தக் குரலில் கோபம் இல்லை. சிற்றம்பலம் தேரையை மறுபடி மணையில் வைத்தான்.

"மூத்தவ போயிட்டா. எளையவள ரெண்டாந்தாரமாக் கட்டி வச்சாப் போச்சு" என்று யாரோ ஒரு கிழவர் வழி சொன்னார். ஊர் ஒப்புக்கொண்டது. முன்ஜாக்கிரதையாக மாப்பிள்ளையின் வாயை வாழைநாரால் கட்டினார்கள். பத்தே காலுக்குத் தாலி ஏறியது. குலவை எழுந்தது.

"கெளம்புங்க, குளத்துக்கு!"

குளத்தின் நடுவில் முழங்கால் அளவுக்குச் சேறு மிச்சம் இருந்தது. அதில் ஒரு தேரை இறங்கினால் பிரம்மதேவனாலும் திரும்ப எடுக்க முடியாது. இனி ஒரு நிமிஷம் தாமதித்தால் வேலை போச்சு. சிற்றம்பலம் பந்தல் கால் பக்கத்தில் வழி மறித்து நின்றான்.

"மாப்பிள்ளையக் கொண்டாந்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப நான் மாப்பிள்ளை ஊட்டுக்காரன். கட்டிக் குடுத்த பொண்ண மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பாம, எந்த ஊருலயாவது குளத்துல தள்ளுவாங்களா?"

நாட்டாமை மோவாயைத் தடவினார். கூட்டம் அவர் மோவாயையே பார்த்தது.

"ஞாயந்தான்" என்றார் கடைசியில். "ஆனா உங்க ஊரு குளத்துல நீங்க கொண்டு போயி வுட்டுறணும்."

"என் பொறுப்பு!"

"ராகு காலம் பொறக்கறதுக்குள்ள பொண்ணு படி தாண்டணும். இல்லாட்டிப் பன்னெண்டுக்கு மேலதான்."

"இப்பவே அனுப்புங்க, இப்பவே!"

அந்த அவசரத்தை ஊர், சம்பந்தி வீட்டாரின் ஆசை என்று எடுத்துக்கொண்டது. பத்து இருபத்தெட்டுக்கு மாட்டு வண்டி நகர்ந்தது. பெண்ணைக் கொண்டு போய் விடச் செல்லாயியும் இன்னும் இரண்டு பெண்களும் தாம்பாளங்களோடு ஏறிக்கொண்டார்கள். புதுத் தம்பதிகளைத் தனித்தனிப் பானையில்தான் வைக்க வேண்டும் என்பதில் மட்டும் சிற்றம்பலம் கண்டிப்பாக இருந்தான். வண்டிமாடு நின்று நிதானித்து நடந்தது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் இறங்கி மாட்டோடு சேர்ந்து ஓடினான்.

கல்லூரி வாசலில் இறங்கும்போது பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தது. துறைத் தலைவர் கதவருகே நின்று பல்லைக் கடித்தார். உள்ளே மதராஸ் பேராசிரியர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மிஸ்டர் சிற்றம்பலம், தேரைக்கு மஞ்சள் பூசியிருக்கு?"

"கிருமி அண்டாம இருக்கறதுக்கு சார்."

"கழுத்துல கயிறு?"

"அடையாளத்துக்கு சார்."

"இந்த அம்மாக்களெல்லாம்?"

"அது... கூட வந்தவங்க சார்."

பேராசிரியர் நல்ல மனிதர். மேலே கேட்கவில்லை. சிற்றம்பலம் தேரையின் எச்சத்தில் துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி வைத்தான். வழக்கமாக ஒரு துளியில் நாற்பது ஐம்பது புழுமுட்டை தெரியும். அது தெரிந்தால் வயிற்றில் புழு இருக்கிறது என்று அர்த்தம். வேலை கிடைத்தது என்றும் அர்த்தம்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லையே?"

இரண்டாவது துளி. மூன்றாவது. ஐந்தாவது துளியைச் சிற்றம்பலமே பார்த்தான். கண்ணாடி கழுவி வைத்தது போல இருந்தது.

"இப்படி ஒரு சுத்தமான தேரையை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை" என்று பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. அறுத்தே பார்த்துடுங்க."

சிற்றம்பலம் கத்தியை எடுத்தான்.

"அய்யய்யோ! புதுப் பொண்ணு!" மூன்று பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள். செல்லாயி பாய்ந்து வந்து தேரையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். "தாலி கட்டி ரெண்டு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள கத்தியத் தூக்கறீங்களே! அப்புடி என்னத்தத்தான் தேடறாரு உங்க பெரியவரு?"

"புழு!" என்று கத்தினான் சிற்றம்பலம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அது வயித்துல இருக்கற புழுவத் தேடறாரும்மா! அதக் காட்டலன்னா என் வேலை போச்சு!"

செல்லாயி முகம் மலர்ந்தது. இதற்குத்தானா இவ்வளவு கலவரம் என்பது போலப் பேராசிரியரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அய்ய, அந்தக் கவலையே உங்களுக்கு வாணாங்க! நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுல பொண்ணுக்கு வயித்துல பூச்சின்னு ஒரு கொற சொல்லிடக் கூடாதுன்னு, நேத்தே வேப்பங்கொழுந்தும் வெளக்கெண்ணெயும் குடுத்து, இருந்த பதினோரு புழுவையும் எண்ணி எடுத்து அடுப்புல போட்டுட்டேங்க!"