சக்கரத்துக்குப் பாய் கட்டிய கதை

எதையும் பாதி படித்துவிட்டு முழுசாகத் தெரிந்துகொண்டதாக நினைப்பதில் எனக்கு நிகர் நானே.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. பிறந்த வீடு பழவேற்காட்டில், மீன் பிடிக்கும் குடும்பம். புகுந்த வீடு திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகள் சில சேர்ந்து, ஊழியர் குடும்பங்களுக்காக ஒரு டிரையத்லான் நடத்தின. பழவேற்காடு ஏரியில் நீச்சல், கரையோரச் சாலையில் சைக்கிள், கடைசியில் ஓட்டம். நீச்சலில் யாரும் என்னை நெருங்க முடியாது என்பது என் எண்ணம். (அதில் தப்பில்லை.) சைக்கிளில்தான் பயம்.

காக்களூரில் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர் ஏழுமலைக்கு என்னைவிட ஆர்வம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சக்கரங்களைப் பற்றித் தேடினோம். பயிற்சிக்குக் கம்பிச் சக்கரம், பந்தயத்துக்குத் தட்டுபோல மூடிய சக்கரம் என்று போட்டிருந்தது. கம்பிகள் காற்றைக் கடைவதால் வேகம் குறைகிறதாம்! இத்தனை நாள் மோர் கடைந்துகொண்டா போனேன் என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 'பின் சக்கரத்தை' என்று அடுத்த பத்தி தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது.

"பின்னாடி மூடுனாலே வேகம்னா, முன்னாடியும் மூடிட்டா?" என்றேன்.

"டபுள் ஸ்பீடு!" என்றார்.

கம்பெனியில் கழித்துப்போட்ட மெல்லிய தகடுகளை வட்டமாக வெட்டி வந்து, பந்தயத்துக்கு முந்தின நாள் இரண்டு சக்கரங்களையும் மூடிக் கட்டினார். அழுக்காகிவிடுமே என்று ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மாமியார் வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். என் ஊரே கரையில் நின்றது. ஏரியிலிருந்து முதல் ஆளாக எழுந்து சைக்கிளில் ஏறினேன். வீடுகள் இருந்தவரை சக்கரம் மத்தளம்போல முழங்கிக்கொண்டு பறந்தது. (கையெல்லாம் காட்டினேன்.)

வீடுகள் முடிந்ததும் ஏரிக்காற்று பக்கவாட்டில் அடித்தது. நான் ஒரு பக்கம் இழுக்க, முன் சக்கரம் இன்னொரு பக்கம் போனது. சாலையோரம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த என் சித்தி எழுந்து நின்றாள்.

"ஏய், இங்க இன்னாத்துக்குடி வர்ற? ரோடு அங்க கீது!"

"நான் வர்ல சித்தி, அதுவா வருது!"

சைக்கிளோடு கருவாட்டில் விழுந்தேன். சித்தி தூக்கிவிட்டு, கைகாலைத் தடவிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கவனித்தாள்.

"அடிப்பாவி! படகுக்காரன் ஊட்டுப் பொண்ணு, சைக்கிளுக்குப் பாய் கட்டிக்கினு வந்துகிறியே. காத்து தள்ளாம இன்னா பண்ணும்?"

அவளுடைய மீன் கத்தியால் தகடுகளை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி ஏறினேன். அதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். ஓட்டத்தில் எனக்குப் பின்னால் வந்தவை, கருவாட்டு வாசனைக்கு வந்த நாய்கள் மட்டுமே. முடித்தபோது கட்டிப்பிடிக்க வந்த மாமியார் பாதியில் நின்று, என் தலையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துக் கீழே போட்டார்.

அடுத்த வாரம் மீதிப் பத்தியைப் படித்தோம். 'பின் சக்கரத்தை மட்டும் மூடலாம். பக்கக் காற்றில் முன் சக்கரத்தை மூடாதீர்கள்.' ஏழுமலை டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்றும் வீட்டில் யாராவது டேபிள் ஃபேன் போட்டால், "பாய் விரிஞ்சிடப் போவுது" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். போன வருஷம் மகளுக்குச் சைக்கிள் வாங்கப் போனோம். அவள் கலரைக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்துக்குள் கையை விட்டு ஆட்டி, "காத்து இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போவுமா அண்ணே?" என்று கேட்டாள்.

கடைக்காரர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.