ஊசியும் நூலகரும்

ஐம்பத்தெட்டாவது வயதில் நூலகர் ஒரு சபதம் எடுத்தார். சாவதற்குள் ஒரு வண்டியையாவது தன் கையால் ஓட்டிக் காட்டுவது!

சபதத்துக்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கார் வாங்கிய அன்றே அதைப் பின்னால் எடுக்கப் போய், சொந்த வீட்டு கேட்டையே சாய்த்தவர் அவர். அன்று முதல் ஸ்டியரிங் மனைவி கைக்குப் போய்விட்டது. அவருக்குப் பக்கத்து சீட்டும், "மெதுவா, மெதுவா" என்ற ஒரே வசனமும்தான் மிச்சம்.

பெயின்ட் கடை மாடியில் ஒரு கிளப் இருந்தது. நீளமான மேஜைகளின் மேல் மலைப்பாதை மாதிரி மூன்று சாலைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சாலை நடுவிலும் ஒரு பள்ளக்கோடு. உள்ளங்கையளவு கார் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். கையிலிருக்கும் விசையை அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். வளைவில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கார் பறந்து போய்த் தரையில் விழும். சண்டை போட எதிரே யாரும் கிடையாது. ஒவ்வொருவராகத்தான் ஓட்ட வேண்டும். கடிகாரம்தான் எதிரி.

அங்கே சேர்ந்ததை வீட்டில் சொல்லலாமா? சொன்னால், "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று மனைவி விசையை வாங்கிவிடுவாள். அந்த பயத்தில், "டாக்டர் நடக்கச் சொன்னார்" என்று ஒரு பொய் சொன்னார். ஒரு மாதமாகச் சாப்பாட்டு டப்பாவுக்குள் காரை வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆனால் 'நடந்து' வந்தார்.

தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அவள் கேட்பாள்.

"ஏங்க, ஒரு மாசமா நடக்கறீங்க. செருப்பு தேயவே இல்லையே?"

"நான் மெத்துன்னு நடக்கறேம்மா."

"மெஷின் எண்ணெய் வேற குறையுது."

"எலி குடிச்சிருக்கும்."

"எலிக்கு மூட்டு வலியா?"

நூலகர் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார். அந்த எண்ணெயில் தினம் ஒரு சொட்டு காரின் அச்சுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வார். அவள் விளக்கேற்றி வாய்விட்டுக் கும்பிடும்போதுதான் தாங்காது. "கடவுளே, இவர் போற பாதை நல்லபடியா இருக்கட்டும். வளைவுல தடுமாறாம பாத்துக்கோ." பாவி, இப்படி வேண்டுகிறவளையா ஏமாற்றுகிறோம் என்று அவரும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். மறுநாளும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கிளப்பில் இன்னொரு கவலை. ஞாயிற்றுக்கிழமை போட்டி. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். நேரம் எழுதும் பலகையில் யாருடைய நேரம் குறைவோ அவர் ஓட்டுவார். மற்றவர் வளைவில் நின்று, கார் விழுந்தால் ஓடிப்போய் எடுத்து வைக்க வேண்டும். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தது இரண்டே பேர். பலகையில் நூலகர் முப்பத்தொரு விநாடி. அதற்கு மேலே 'ஊசி' என்று ஒரு பட்டப்பெயர், இருபத்தைந்து விநாடி.

"யார் சார் இந்த ஊசி?" என்று கிளப் செயலாளரைக் கேட்டார்.

"காலையில வந்து பழகறவங்க. நீங்க வேலைக்குப் போயிருக்கற நேரம்."

"நல்லா ஓட்டுவாங்களோ?"

"வளைவுல பாக்கணும் சார். வெண்ணெயில கத்தி போற மாதிரி!"

நூலகருக்குத் தூக்கம் போயிற்று. இங்கேயும் இன்னொருவர் ஓட்ட, தான் வேடிக்கை பார்ப்பதா? கடவுளே, ஒரே ஒரு விநாடி குறைவாக வந்துவிட்டால் போதும். டயரைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், விரல் வீங்கும்வரை பழகினார். முப்பது ஆயிற்று. இருபத்தெட்டு ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் இருபத்துநான்கு! துள்ளிக் குதித்துப் பலகையைப் பார்த்தார். அன்று காலையிலேயே ஊசி இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினார். ஊசிக்கு ஜுரமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, அடுத்த படியில், சேச்சே, லேசான ஜலதோஷம் போதும் என்று திருத்திக்கொண்டார்.

"சார், உங்க ஜோடி அப்பவே வந்தாச்சு," என்றார் செயலாளர்.

கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் விசையோடு நின்றிருந்தாள் அவர் மனைவி.

"வாங்க. வாக்கிங் எப்படிப் போச்சு?"

நூலகர் அவளையும் விசையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ... எப்ப... எப்படி?"

"ரெண்டாவது நாளே டப்பாவைக் கழுவ எடுத்தேன். உள்ள காரு, காரைச் சுத்தி கிளப் அட்டை. பொய் சொல்றவர் அட்டையையாவது கிழிச்சுப் போட வேணாமா?"

"தெரிஞ்சுமா தினம் அப்படிக் கும்பிட்டே?"

"தெரிஞ்சதாலதான் வளைவைச் சொல்லிக் கும்பிட்டேன். தினம் எத்தனை வாட்டி கவுத்தீங்கன்னு செயலாளர் சொல்லிட்டாரே!"

"சரி, உனக்கு எப்படி இந்த விசை..."

"முப்பது வருஷமா மெஷின் மிதிக்கறேன். சட்டைக் காலர் வளைவுல எவ்வளவு அழுத்தணும்னு எனக்குத் தெரியாதா? கால் செஞ்சதைக் கை செய்யுது, அவ்வளவுதான். தள்ளுங்க, நேரமாச்சு."

மணி அடித்தது. நூலகர் வளைவில் போய் நின்றார். கார் சீறிக்கொண்டு வந்தது. அவரையும் மீறி வாய் திறந்துகொண்டது.

"மெதுவா... மெதுவா..."

மூன்று சாலையிலும் கார் ஒரு தடவைகூட விழவில்லை. எடுக்க நூலகர் நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. குறித்த நேரத்துக்குள் முடித்ததால் புதியவர்களுக்கான கோப்பை அவர்களுக்குத்தான்.

"சார், வளைவு ஒண்ணு விடாம கரெக்டா 'மெதுவா' சொல்றீங்களே," என்று செயலாளர் கையைக் குலுக்கினார். "நல்ல அனுபவம் போல?"

வீட்டுக்குப் போகும்போது காரை அவள்தான் ஓட்டினாள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நூலகர் மெல்லக் கேட்டார்.

"அடுத்த போட்டியிலயாவது நான்..."

"உங்களுக்கு எங்கங்க நேரம்? டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரே. நாளையிலேருந்து நான் கிளப்புக்குப் போற வழியில உங்களைப் பூங்காவுல இறக்கி விட்டுடறேன்."