பெல்ட் போட்டுக்கொண்ட பூசணிக்காய்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆட்டிப்பாருவிடம் திட்டு வாங்காதவர் என்று யாராவது இருந்தால், அவர் அன்றைக்கு லீவில் இருந்திருப்பார். முதலாளி வாங்கியிருக்கிறார். முதலாளியின் மாப்பிள்ளை வாங்கியிருக்கிறார். சோதனை போட வந்த அதிகாரி, வாசலுக்குள் காலை வைத்த இரண்டாவது நிமிடம் வாங்கினார். தண்ணீர் லாரியின் குழாய் மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கைகூட வாங்கியது. நானே பார்த்தேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. எங்கள் இரும்புக் கம்பி ஆலையில், டிரெய்லர் லாரிகளில் ஏற்றிய லோடைச் சங்கிலி போட்டுக் கட்டும் மேஸ்திரி அவர். கட்டி முடித்ததும் வண்டி மேல் ஏறி, இரண்டு கையாலும் லோடைப் பிடித்து ஆட்டுவார். அரை விரல்கடை அசைந்தால் போச்சு. "அவுத்துட்டு மொதல்லேந்து கட்டு!" என்று கத்துவார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் மொத்தமே மூணு வார்த்தைதான். "கட்டினியா? எறங்காத. ஆட்டிப்பாரு." பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நான் அங்கே டிஸ்பாட்ச் கிளார்க். ஏழு வண்டி போக வேண்டிய நாளில் இந்த மனிதரால் நாலு வண்டிதான் வெளியே போகும். மேனேஜர் போன் போட்டு என்னைக் காய்ச்சுவார். நான் ஓடிப்போய் இவரிடம் கெஞ்சுவேன்.

"மேஸ்திரி, எளாவூர் செக்போஸ்ட்ட தாண்டிட்டா அப்பறம் டிரைவர் பாடு. நமக்கு இன்னா?"

"அந்த வண்டிக்குப் பின்னால ஒருத்தன் பைக்ல வருவானே, அவன் பாடு இன்னாய்யா? போய் உன் சீட்ல குந்து. பேஜாரு பண்ணாத."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! அவருக்கு மாற்றல் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி திருவள்ளூர் மாவட்டத்தில் கிடையாது.

லோடோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் ஆட்டுவார். கேன்டீன் ஃபேன், மேனேஜர் அறை அலமாரி, அடுத்தவன் பைக்கில் மாட்டிய டிபன் கேரியர், எதுவும் தப்பாது. ஒரு வருடம் ஆலை விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது இவர் நைசாகப் போய் ஒரு பந்தல்காலை ஆட்டினார். பந்தலில் பாதி சுண்டல் அண்டா மேல் சரிந்தது. எல்லோரும் அவர் மேல் பாய்ந்தபோது கொஞ்சமும் அசரவில்லை.

"நான் ஆட்னதால உழல. அது உழுறதாத்தான் இருந்திச்சி. பொம்பளைங்க குந்தறதுக்கு முன்னாடி உழட்டும்னு ஆட்னேன்."

இந்த மனிதர் இருக்கும் ஆலைக்குத்தான் நான் கார் வாங்கிய புதிதில் குடும்பத்தோடு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்போது என் மகள் பவிக்கு இரண்டு வயது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய சூட்டோடு அவளுக்குக் காரில் மாட்டுகிற குழந்தை சீட் ஒன்றும் ஆன்லைனில் வாங்கினேன். ரோஸ் நிறம், இரண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி. பிறந்த குழந்தையிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் ஒரே சீட் போதும் என்று போட்டிருந்தது. அதை நம்பியவன் நான். அழுக்காகிவிடக் கூடாதே என்று அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. நம் ஊரில் யார் பிரித்தார்கள்? சோபாவுக்குப் பிரித்தோமா, டிவி ரிமோட்டுக்குப் பிரித்தோமா? சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்த குழந்தை வேர்த்து, வழுக்கி, தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டாவது நாளே என் மனைவி ரேவதியின் மடிக்கு மாறிவிட்டாள். சீட் பின்னால் சும்மா கிடந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஆலைப் பூஜைக்குத் தன் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைக் கொடுப்பதாகக் கடம்பத்தூரில் இருக்கும் என் மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டார். நெல் போடுகிற மனிதர். ஒரு காய் காய்த்தாலும் ஊரே பார்க்க வேண்டும் அவருக்கு. காயும் லேசுப்பட்டதில்லை, பவியைவிட ஒரு சுற்றுதான் சிறிசு. பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் அது உருண்டு உடையாமல் வர வேண்டுமே! யோசித்தேன். குழந்தை சீட்டில் உட்கார வைத்து, தோள் வார் இரண்டையும் மாட்டி, கிளிக் என்று பூட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மாமனாரே, "மாப்பிள்ளைக்கு மூளை கீது" என்று முதல் தடவையாகச் சொன்னார். ரேவதி முன் சீட்டில், மடியில் பவி. மாமனார் பின்னால், பூசணிக்காய்க்குத் துணையாக.

ஆலை வாசலில் ஆட்டிப்பாரு நின்றிருந்தார். குளித்து, சந்தனம் வைத்து, புதுச் சட்டை போட்டு, பார்க்க நல்ல மனிதர் மாதிரியே இருந்தார். கார் நின்றதும் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தார். பிறகு பின்னால் பார்த்தார். பின் கதவைத் திறந்தார்.

"இது யாரு?"

"பூஜைக்கு, மேஸ்திரி. உருண்டுடப் போவுதேன்னு பெல்ட்டு போட்டுக் கொண்ணாந்தேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பூஜ முடிஞ்சி இத இன்னா பண்ணுவ?"

"கேட்ல ஒடைப்போம்."

"ஒடைக்கிற காய்க்கு பெல்ட்டு," என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "பெத்த புள்ளைக்கு மடியா?"

அடுத்து அவர் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த வாழைமரமே ஆடியிருக்கும். மொத்த ஷிப்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்று வேடிக்கை பார்த்தது. ஒன்றுக்கும் உதவாதவன் என்றார். கம்பிக்கு ஆறு சங்கிலி கேட்கிற ஆலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்தக் காரியம் பண்ணுகிறாயே, வெட்கமாயில்லையா என்றார். பேசிக்கொண்டே கையை உள்ளே விட்டு அந்த சீட்டை ஓர் ஆட்டு ஆட்டினார். பூசணிக்காயோடு சேர்ந்து சீட் அவர் கையோடு வந்துவிட்டது. கார் பெல்ட்டை எந்த ஓட்டை வழியாக விட வேண்டுமோ அந்த வழியாக நான் விடவே இல்லையாம். வாங்கிய நாளிலிருந்து அது சும்மா வைத்திருந்த நாற்காலிதான்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "நாங்கல்லாம் இன்னா, சீட்டு போட்டா வளந்தோம்? மடியிலயும் தோள்லயும் வளந்தவங்கதான்யா!"

"வளந்தவன் பேசற. வளராதவன் எங்கந்து வந்து பேசுவான் பெரியவரே?"

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரை விட்டு இறங்கிப் போனார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் பறக்கறதில்ல. மெதுவாத்தான் ஓட்றேன். பெத்தவ புடிச்சிக்கினு இருக்கா. உட்ருவாளா?" என்று கத்தினேன்.

"உடமாட்டாளா? சரி. யம்மா, புள்ளைய தூக்கிக்கினு எறங்கு. நைனா, நீ முன் சீட்ல குந்து. பெல்ட்ட போடு. காய மடியில வெச்சிக்கோ. புள்ளைய புடிக்கிறாப்பல புடி."

லோடு ஏற்றும் மைதானம் அன்று காலியாகக் கிடந்தது. அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து காரை எடுத்தார். நான் காயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். இந்த ஆள் முகத்தில் கரி பூசாமல் இறங்குவதில்லை என்று கறுவிக்கொண்டேன். கார் நாற்பதில் போயிற்று. அவர் சாவகாசமாக, "நேத்து நிறுத்தி வெச்ச வண்டிங்க எத்தினி?" என்று கேட்டார். ஏழு வண்டி, எல்லாம் உன்னால்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஏ" வரைக்கும்தான் வந்தது.

பிரேக்கை மிதித்துவிட்டார். காய் என் கையில் இல்லை. முன்னால் டேஷ்போர்டில் மோதிப் பிளந்து, விதையும் சதையும் தண்ணீருமாகக் கண்ணாடி முழுக்க வழிந்தது. பிடித்துக்கொண்டிருந்த மாதிரியே என் கை இரண்டும் வளைந்து நின்றன, நடுவில் ஒன்றும் இல்லாமல்.

"இது வெறும் பிரேக்கு," என்றார் ஆட்டிப்பாரு. "எது மேலயும் மோதல."

வெளியே பவி கைதட்டிச் சிரித்தாள். இன்னொரு தடவை பண்ணச் சொன்னாள். ரேவதி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். திருஷ்டிக்கு உடைக்கிற காயில் குங்குமம் கரைத்து ஊற்றுவார்கள், நல்ல வேளையாக அது இன்னும் ஊற்றியிருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வருடம் எங்கள் ஆலைக்கு எலுமிச்சம்பழத்தோடு திருஷ்டி கழிந்தது. காய் எங்கே என்று மேனேஜர் என்னைத்தான் பிடித்துத் திட்டினார்.

அத்தோடு விட்டாரா மனிதர்? சீட்டோடு வந்த, நான் பிரித்தே பார்க்காத விளக்கப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவருக்கு இங்கிலீஷ் வராது. வாசல் செக்யூரிட்டிப் பெண்ணைப் படிக்கச் சொல்லி, தினம் டீ நேரத்தில் வரி வரியாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே கடம்பத்தூர் வரைக்கும் வந்து, மாமனார் வீட்டில் இருந்த எங்களைத் திருவள்ளூரில் குழந்தைச் சாமான் விற்கும் கடைக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரத் தம்பி ஆசையாக ஆரம்பித்தான். "சார், இதுல ரெண்டு கப் ஹோல்டர் இருக்கு."

"கொயந்த இன்னா டீக்கடையா வெக்கப் போவுது? அந்தாண்ட வை. இவ வெயிட்டுக்கும் உயரத்துக்கும் எது? அத எடு."

கார் நிற்கும் இடத்துக்கு ஒவ்வொரு சீட்டாகத் தூக்கி வந்து மாட்டிப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் காருக்குப் பொருந்தாத சீட் தங்கத்தில் செய்திருந்தாலும் வேண்டாமாம். நாலு சீட், நாலு தடவை. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினார். விரல்கடைக்கு மேல் நகர்ந்தவை கடைக்குத் திரும்பிப் போயின. மிச்சம் இருந்ததில் முழங்கையை ஊன்றி மெத்தையை அழுத்தினார், ஓரங்களைத் தடவிக் கூராக ஏதாவது குத்துகிறதா பார்த்தார், பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தார். பிறகு பவியைப் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைத்து, தோளில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். வார் மடிந்து கைக்கு வரவில்லை, அவ்வளவு இறுக்கம். அவள் வழக்கம்போல் கத்தினாள்.

"கத்து! நல்லா கத்து!" என்று அவளையும் திட்டினார். "கத்தற சத்தம் காதுல உழுந்துகினே இருக்கணும்!"

கால் மணி நேரம் எங்களை நகர விடவில்லை. குழந்தை கத்தி ஓய்ந்து தூங்கிப் போனாள். தூக்கத்தில் தலை முன்னால் தொங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். தொங்கவில்லை. "இது" என்றார். சாம்பல் நிறத்தில், ஒரு பூவோ பொம்மையோ இல்லாத அவலட்சணம். எனக்கு அழுகையே வந்தது. அதைத்தான் வாங்கினோம்.

அதன்பிறகு இரண்டு வருடம் என் கார் ஆலைக்குள் வந்தால் முதலில் பின் கதவைத்தான் திறப்பார். ஒரு நாளும் பரவாயில்லை என்று சொன்னதில்லை. அப்புறம் ஒரு நாள், அவர் அவிழ்க்கச் சொன்ன வண்டியை மேனேஜர் அப்படியே போகச் சொல்லி கேட்டைத் திறந்துவிட்டார். ஆட்டிப்பாரு கையிலிருந்த சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு நடந்தார், திரும்பி வரவே இல்லை. வண்டிகள் இப்போது நேரத்துக்குப் போகின்றன. அன்றைக்கு அந்த கேட் பாஸில் கையெழுத்துப் போட்டவன் நான். என் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் வேறு யார் மேலும் வந்ததில்லை.

போன மாதம் எளாவூர் பக்கத்தில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தபோது யாரோ காரின் கூரையில் ஓங்கித் தட்டினார்கள். அவரேதான். ஆந்திர எல்லை தாண்டி ஏதோ கிடங்கில் வேலையாம். நலமா என்றுகூடக் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார். பவிக்கு இப்போது ஆறு வயது. அவள் உயரத்துக்குத் தகுந்த வேறு சீட், முன்னால் பார்த்தபடி. நானே பார்த்துப் பார்த்து வாங்கியது.

"இன்னாய்யா இது? புள்ள வளந்துட்ச்சி, வாரு தோளுக்குக் கீயே கீது. ஊட்ல யாருக்கும் கண்ணு தெர்ல?"

பின்னால் இருந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அத்தனை பேரையும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே வாரைக் கழற்றி, ஒரு படி மேலே ஏற்றி மாட்டினார். பவி தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் எங்களுக்கு ஒரு விபத்தும் நடக்கவில்லை. அவர் சொன்னது சரியா தப்பா என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போகட்டும்.

"அப்பா, அந்தத் தாத்தா ஏம்ப்பா நம்மளப் போய்த் திட்றாரு?" என்றாள் பவி.

"நம்மளத் திட்றதுக்கு அவர உட்டா வேற யாருடி கீறாங்க?" என்றேன்.